ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் கணக்கை மாற்றியமைத்த பணிப் பதிவு: ஆதார எண் 100இலிருந்து 4,00,000 வரை

நடுத்தர அளவுள்ள ஒரு வலையமைப்பில், 10 கிகாபிட் இணைப்புகள் ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்க, அவற்றோடு இருந்த பழைய 1 கிகாபிட் இணைப்பு ஒன்று உச்ச நேரங்களில் நிரம்பிப் பாக்கெட்டுகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. கேபிளிலும் போர்ட்டிலும் குறை எதுவும் இல்லை. பிழை எண்ணிகள் எல்லாம் சுழியமாகவே இருந்தன. ரவுட்டிங் அட்டவணையைப் பார்த்தபோதுதான், ரவுட்டர்கள் அந்தப் பழைய இணைப்பையே சிறந்த பாதையாகத் தேர்ந்தெடுத்திருப்பது தெரிந்தது. தங்களுக்குக் கொடுக்கப்பட்ட எண்களை அவை சரியாகவே கூட்டியிருந்தன. எண்களில்தான் சிக்கல் இருந்தது. அந்த எண்களை மாற்றியமைத்த பணியின் பதிவு இது. மாற்றுவதற்கான கட்டளை ஒரே வரிதான். அந்த வரியைத் தட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவையே பணியின் பெரும்பகுதி என்பதால், பதிவிலும் அவையே அதிக இடம் பிடிக்கின்றன.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மையம்-1, மையம்-2 என்ற இரண்டு ரவுட்டர்கள், இரண்டு 10 கிகாபிட் இழைகளைச் சேர்த்துக் கட்டிய 20 கிகாபிட் கூட்டிணைப்பால் இணைந்திருக்கின்றன. பகிர்வு-1 மையம்-1உடனும், பகிர்வு-2 மையம்-2உடனும் 10 கிகாபிட்டில் இணைந்துள்ளன. இவை தவிர, வலையமைப்பு சிறிதாக இருந்த காலத்தில் போடப்பட்ட இரண்டு குறுக்கு இணைப்புகள், பகிர்வு-1இலிருந்து மையம்-2க்கும் பகிர்வு-2இலிருந்து மையம்-1க்கும், 1 கிகாபிட்டில் செல்கின்றன. விளிம்பு ரவுட்டர்கள் ஒவ்வொன்றும் இரு பகிர்வு ரவுட்டர்களுடனும் 1 கிகாபிட்டில் இணைந்தவை. தொலைவிலுள்ள ஒரு கட்டடத்தின் ரவுட்டர் மட்டும் இதற்கு விலக்கு: பகிர்வு-1க்கு ஒளியிழை, பகிர்வு-2க்கு ஏறத்தாழ 100 மெகாபிட் கடத்தும் ரேடியோ இணைப்பு, எல்லாம் போனால் கைகொடுக்க மையம்-1 வரை இணையத்தின் வழியாக டனல் எனப்படும் ஒரு மெய்நிகர் இணைப்பு என மூன்று வழிகள் அதற்கு உண்டு. எல்லா ரவுட்டர்களும், சிறந்த பாதையைத் தாமே கண்டறிய உதவும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையை, ஏரியா 0 எனும் ஒரே பகுதிக்குள் ஓட்டுகின்றன.

ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு இன்டர்ஃபேஸின் வெளிச்செல்லும் திசைக்கும் காஸ்ட் எனப்படும் ஓர் எண்ணை வைத்திருக்கிறது. பாதையிலுள்ள காஸ்ட்டுகளைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த பாதையை எஸ்பிஎஃப் எனும் பாதைக் கணக்கு தேர்ந்தெடுக்கிறது. ஓஎஸ்பிஎஃப்பை வரையறுக்கும், 1998 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற ஆவணம், இந்த எண்ணை நிர்வாகி விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்றும், எண் சிறிதாக இருந்தால் அந்த இணைப்பு தேர்வாகும் வாய்ப்பு அதிகம் என்றும் சொல்வதோடு நின்றுவிடுகிறது; வேகத்திலிருந்து காஸ்ட்டைக் கணக்கிடும் சூத்திரம் எதையும் அது விதிக்கவில்லை. நாம் பழகிய சூத்திரம், அதாவது பத்துக் கோடியை இணைப்பின் பிட் வேகத்தால் வகுப்பது, 1995இல் வந்த ஆர்எஃப்சி 1850இன் எம்ஐபி (கருவிகளைக் கண்காணிக்க உதவும் தகவல் பட்டியல்) வரையறையில் இயல்பு மதிப்பாகக் காணப்படுகிறது. இப்படி வகுக்கப்படும் எண்ணே ஆதார எண். பத்துக் கோடி பிட் என்றால் 100 மெகாபிட். அன்றைய இணைப்புகளை வைத்துப் பார்த்தால் அது தாராளமான எண்தான்: 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 10, 64 கிலோபிட் தொடுப்புக்கு 1562 எனப் பிரித்துக் காட்ட அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஆர்எஃப்சி 2328 வெளியான அதே 1998இல் கிகாபிட் ஈதர்நெட் தரமும், 2002இல் 10 கிகாபிட் தரமும் வந்துவிட்டன. காஸ்ட் முழு எண்ணாகவும் குறைந்தது 1 ஆகவும் இருக்க வேண்டும் என்பதால், 100 மெகாபிட், 1 கிகாபிட், 10 கிகாபிட், 100 கிகாபிட் எல்லாமே ஒரே 1இல் வந்து நிற்கின்றன.

இனி நிரம்பி வழிந்த இணைப்பின் கதை எளிதில் விளங்கும். பகிர்வு-1இலிருந்து மையம்-2இன் பின்னாலுள்ள சர்வர் வலைக்குச் செல்ல, குறுக்கு இணைப்பில் காஸ்ட் 1. மையம்-1 வழியாக இரண்டு வேகமான தாவல்களில், அதாவது ரவுட்டருக்கு ரவுட்டர் இரண்டு இணைப்புகளைக் கடந்து, சென்றால் 2. ரவுட்டரின் கண்ணுக்குத் தாவல் எண்ணிக்கை மட்டுமே தெரிகிறது, ஆகவே அது குறுக்கு இணைப்பை எடுக்கிறது. இதைவிட வியப்பளித்தது இன்னொன்று. பகிர்வு-1இலிருந்து பகிர்வு-2க்கு, பாக்கெட்டுகள் செல்லும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டை ஓட்டியபோது, சில ஓட்டங்கள் விளிம்பு ரவுட்டர் ஒன்றின் வழியாகச் சென்றன. மையத்தின் வழியாகவும் 1 கூட்டல் 1, விளிம்பின் வழியாகவும் 1 கூட்டல் 1; சமச் செலவுப் பாதைகள் என்பதால் போக்குவரத்து இரண்டிலும் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிறு அறையில் கிடக்கும் விளிம்புப் பெட்டி ஒன்று, யாரும் அறியாமல் மையப் போக்குவரத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

ஆதார எண்ணை உயர்த்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதுவரை என்பதுதான் கேள்வி. பலரும் 1,00,000 மெகாபிட், அதாவது 100 கிகாபிட் என்று வைப்பார்கள். அதில் 10 கிகாபிட்டுக்கு 10, 1 கிகாபிட்டுக்கு 100 என எண்கள் அழகாக வருகின்றன. எனினும் 40 கிகாபிட் இணைப்புக்கு 2.5 வருகிறது, பின்னத்தை என்ன செய்வது என்பதில் எல்லா மென்பொருளும் ஒன்றுபோல நடப்பதில்லை. சிஸ்கோ ரவுட்டர்களின் ஐஓஎஸ் மென்பொருள் பின்னத்தை வெட்டிவிடுகிறது. எஃப்ஆர்ஆர் எனும் திறந்த மூல ரவுட்டிங் மென்பொருள் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுகிறது. பழைய 1.544 மெகாபிட் டி1 தொடுப்புக்கு இயல்பு ஆதார எண்ணில் 64.77 வரும்; முன்னதில் அது 64, பின்னதில் 65. அங்கே ஒன்று கூடுவதும் குறைவதும் பொருட்டல்ல. ஆனால் 2க்கும் 3க்கும் இடையே உள்ள வேறுபாடு பாதி அளவு. ஒரே இணைப்பின் இரு முனைகளும் வெவ்வேறு மென்பொருளாக இருந்தால், போகும் வழியும் வரும் வழியும் பிரிந்துபோக அது போதும்.

மறு எல்லையையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளைப் பற்றி மற்றவற்றுக்கு அனுப்பும் அறிவிப்பான ரவுட்டர் எல்எஸ்ஏவில் காஸ்ட்டுக்கு 16 பிட் இடமே உண்டு. ஆகவே உச்ச மதிப்பு 65,535. ஆதார எண்ணைப் பத்து லட்சமாக, அதாவது ஒரு டெராபிட்டாக வைத்தால், ஏறத்தாழ 15 மெகாபிட்டுக்குக் கீழுள்ள இணைப்புகள் எல்லாம் 65,535இல் முட்டி நின்றுவிடும். மேல்முனையில் இருந்த குருட்டுத்தன்மையைக் கீழ்முனைக்கு இடம் மாற்றியதாகவே அது முடியும். நான் 4,00,000ஐத் தேர்ந்தெடுத்தேன். அதில் 400 கிகாபிட்டுக்கு 1, 100 கிகாபிட்டுக்கு 4, 40 கிகாபிட்டுக்கு 10, 25 கிகாபிட்டுக்கு 16, 10 கிகாபிட்டுக்கு 40, 1 கிகாபிட்டுக்கு 400, 100 மெகாபிட்டுக்கு 4,000, 10 மெகாபிட்டுக்கு 40,000 என வழக்கிலுள்ள வேகங்கள் எல்லாம் மீதியின்றி வகுபடுகின்றன. பின்னத்தைப் பற்றிய கவலையே எழுவதில்லை. ஏறத்தாழ 6.1 மெகாபிட்டுக்குக் கீழே போனால்தான் உச்ச எல்லையைத் தொடும்; அவ்வளவு மெதுவான இணைப்பு இந்த வலையமைப்பில் இல்லை.

கட்டளையை எழுதும்போது அலகைக் கவனிக்க வேண்டும். ஐஓஎஸ்ஸிலும் எஃப்ஆர்ஆரிலும் ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த் 400000’ என்ற வரியில் எண் மெகாபிட்டில் இருக்கிறது. ஜூனிபர் ரவுட்டர்களின் ஜூனோஸில் ‘ரெஃபரன்ஸ்-பேண்ட்விட்த் 400ஜி’ என்று பின்னொட்டுடன் எழுத வேண்டும், பின்னொட்டு இல்லையென்றால் அது வெறும் பிட்டாகக் கொள்ளப்படும். இன்டர்ஃபேஸில் எழுதும் ‘பேண்ட்விட்த்’ வரியிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு: ஐஓஎஸ்ஸில் கிலோபிட், எஃப்ஆர்ஆரில் மெகாபிட். இயல்பு மதிப்புகளும் ஒன்றாக இல்லை. ஐஓஎஸ், ஜூனோஸ், எஃப்ஆர்ஆர் மூன்றும் 100 மெகாபிட்டில் தொடங்குகின்றன. சிஸ்கோவின் இன்னொரு மென்பொருளான என்எக்ஸ்-ஓஎஸ் 40 கிகாபிட்டில் தொடங்குகிறது. பேர்ட் மென்பொருள் வேகத்தைப் பார்ப்பதே இல்லை, எல்லா இன்டர்ஃபேஸுக்கும் 10 என்று வைத்துவிடுகிறது. கலப்பு வலையமைப்பில் யாரும் எதையும் தொடாவிட்டாலும், 1 கிகாபிட் இணைப்பின் ஒரு முனையில் 1உம் மறுமுனையில் 40உம் அமர்ந்திருக்கக்கூடும்.

இந்தப் பொருத்தமின்மையை ரவுட்டர்கள் தாமாகக் கண்டுசொல்வதில்லை. அண்டை ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிய அனுப்பிக்கொள்ளும் ஹலோ பாக்கெட்டில் காஸ்ட் இடம்பெறுவதில்லை. ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி, நெட்மாஸ்க், ஏரியா எண் போன்றவை பொருந்தினால் இரு ரவுட்டர்களும் அண்டைகளாகிவிடும். ஆதார எண்ணை மாற்றும்போது, எல்லா ரவுட்டர்களிலும் ஒரே மதிப்பு இருப்பதை உறுதிசெய்துகொள்ளுமாறு ஐஓஎஸ் ஓர் எச்சரிக்கையை அச்சிடுகிறது. அதற்குமேல் காவல் எதுவும் இல்லை. அதே வேளையில், ஆதார எண் வேறுபட்டால் பாக்கெட்டுகள் ஓயாமல் வட்டமடிக்கும் நிலையான சுற்று உண்டாகும் என்று சிலர் அஞ்சுவதும் சரியல்ல. ஒவ்வோர் இணைப்பின் காஸ்ட்டையும் அதன் உரிமையாளரான ரவுட்டரே அறிவிக்கிறது. மற்ற எல்லா ரவுட்டர்களும் அறிவிக்கப்பட்ட அதே எண்ணை வைத்தே கணக்கிடுகின்றன. இந்த அறிவிப்புகளின் தரவுத்தளம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்வரை, எண்கள் எவ்வளவு கோணலாக இருந்தாலும், எல்லாரும் ஒரே கோணலான படத்தையே பார்க்கிறார்கள். பாதை மோசமாக இருக்கும், ஆனால் வட்டமடிக்காது. மாற்றம் பரவும் சிறு இடைவெளியில் தோன்றி மறையும் நுண்சுற்றுகள் வேறு வகை. அவை எந்தக் காஸ்ட் மாற்றத்திலும் வரக்கூடியவை.

ஆதார எண்ணை மாற்றினால் தானாகக் கணக்கிடப்பட்ட காஸ்ட்டுகள் மட்டுமே மாறும். ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்’ என்று கையால் எழுதி வைத்த எண் எழுதியபடியே நிற்கும். பழைய எண்களையும் புதிய எண்களையும் கலந்து கூட்டுவது, அடியில் அளந்த நீளத்தையும் மீட்டரில் அளந்த நீளத்தையும் அலகு பார்க்காமல் கூட்டுவதற்கு ஒப்பாகும். விடை ஒன்று வரும், அதற்குப் பொருள் இராது. எனவே கையால் எழுதிய எண்களைக் கணக்கெடுப்பதே முதல் வேலையாயிற்று.

ஒவ்வொரு ரவுட்டரின் கான்ஃபிகையும் உரைக் கோப்பாக எடுத்து, காஸ்ட், பேண்ட்விட்த், மெட்ரிக் ஆகிய சொற்கள் வரும் வரிகளைப் பிரித்தெடுத்தேன். தொலைக் கட்டடத்தின் ரேடியோ இணைப்பில் இரு முனைகளிலும் 10 என்று எழுதப்பட்டிருந்தது. அதற்குக் காரணமும் நியாயமானதே: ரேடியோ கருவி கிகாபிட் ஈதர்நெட் போர்ட்டில் செருகப்பட்டிருப்பதால், ரவுட்டர் அதை ஒளியிழைக்கு நிகராக எண்ணி 1 கொடுத்திருக்கும், அதைத் தவிர்க்கவே முன்பு யாரோ 10 என்று கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். டனலில் 50 இருந்தது. டனலுக்கு என்று இயற்கையான வேகம் கிடையாது. மென்பொருள் ஏதோ ஒன்றை அனுமானித்துக்கொள்கிறது. வேகம் தெரியாத இன்டர்ஃபேஸை எஃப்ஆர்ஆர் 10 மெகாபிட் என்று கொள்கிறது. ஐஓஎஸ்ஸின் புதிய பதிப்புகளில் ஜிஆர்இ டனல் 100 கிலோபிட்டாகக் கருதப்படுகிறது. அனுமானத்தை நம்பாமல் எண்ணை எழுதி வைத்ததும் சரியான முடிவே. இரண்டு எண்களும் பழைய அளவுகோலில் சரியானவை. புதிய அளவுகோலில் இரண்டும் தவறு.

எவ்வளவு தவறு என்பதை இணைப்புகளின் உண்மையான வேகங்களைக் கொண்டு காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே போதும். கையால் எழுதிய மதிப்புகளை மாற்றாமல் ஆதார எண்ணை மட்டும் உயர்த்தினால், தொலைக் கட்டடத்திலிருந்து சர்வர் வலைக்கு ஒளியிழை வழியே 400 கூட்டல் 40 கூட்டல் 20, மொத்தம் 460. ரேடியோ வழியே 10 கூட்டல் 40, மொத்தம் 50. கட்டடம் முழுவதும் ரேடியோவில் ஏறிவிடும். டனலோ இன்னும் விபரீதம்: 50 கூட்டல் 20 என்று 70இல் நிற்கும், ஆக, இணையத்தைச் சுற்றிவரும் கடைசிப் புகலிடம் ஒளியிழையைவிடச் சிறந்ததாகத் தோன்றும்.

இரண்டாவது கண்டெடுப்பு, கணக்கெடுப்பில் ‘மெட்ரிக்’ என்ற சொல்லையும் தேடியதால் அகப்பட்டது. இரு மைய ரவுட்டர்களும் வெளியுலகுக்கான இயல்புப் பாதையை அறிவிக்கின்றன. மையம்-1 முதன்மை, மையம்-2 மாற்று என்பது நோக்கம். அதற்காக முறையே 10, 20 என்ற மதிப்புகளுடன், வெளிப் பாதைகளுக்கான இ1, இ2 என்ற இரு வகைகளில் இ1 வகையில் அறிவித்திருந்தார்கள். இ1 வகையில் வெளி மதிப்போடு உள் பாதையின் காஸ்ட்டும் கூடும். பழைய அளவுகோலில் உள் காஸ்ட் ஒன்றிரண்டுக்குள் அடங்கியதால், 10க்கும் 20க்கும் உள்ள வேறுபாடே வென்றது: பகிர்வு-2க்கு மையம்-1 வழியே 11, மையம்-2 வழியே 21. புதிய அளவுகோலில் பகிர்வு-2இலிருந்து மையம்-2க்கு 40 கூட்டல் 20, மொத்தம் 60; மையம்-1க்கு 40 கூட்டல் 20 கூட்டல் 10, மொத்தம் 70. முதன்மை வாயில் எது என்ற முடிவு சத்தமின்றிப் புரண்டுவிடும். இன்டர்ஃபேஸ் காஸ்ட்டுகளை மட்டும் சரிபார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

இதற்கு இரு தீர்வுகள் இருந்தன: மையம்-2இன் மதிப்பை இரண்டாயிரம் போலப் பெரிதாக்குவது, அல்லது இரண்டையும் இ2 வகைக்கு மாற்றுவது. இ2 வகையில் வெளி மதிப்புகள் மட்டுமே முதலில் ஒப்பிடப்படும். அவை சமமானால்தான் உள் தொலைவு பார்க்கப்படும். முதன்மை, மாற்று என்ற தெளிவான வரிசையே நோக்கம் என்பதால், அளவுகோலைச் சாராத இ2வை எடுத்துக்கொண்டேன். மாற்றும் வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. இ1 பாதையும் இ2 பாதையும் போட்டியிட்டால், எண்கள் என்னவாக இருந்தாலும் இ1 வெல்லும். ஆகையால் மையம்-1ஐ முதலில் இ2 ஆக்கினால், இ1இல் நிற்கும் மையம்-2 உடனே முதன்மையாகிவிடும். மையம்-2ஐ முதலில் மாற்ற, மையம்-1 இ1ஆக இருந்தபடியே முன்னிலை வகித்தது. பிறகு மையம்-1ஐ மாற்றியபோது 10க்கும் 20க்கும் நேரடி ஒப்பீடாகி, அதே நிலை தொடர்ந்தது. யாருடைய போக்குவரத்தும் இடம் மாறவில்லை.

மூன்றாவது, வேகத்தைத் தவறாகச் சொல்லும் இன்டர்ஃபேஸ்கள். பகிர்வு-2இலிருந்து மையம்-2க்குப் போகும் 10 கிகாபிட் இணைப்பு, மையத்தில் நேரடி ரவுட்டிங் போர்ட்டிலும், பகிர்வில் விலேன் இன்டர்ஃபேஸ் எனும் ஒரு மெய்நிகர் முனையிலும் முடிகிறது. விலேன் இன்டர்ஃபேஸ் தன்னை 1 கிகாபிட் என்றே அறிவித்துக்கொள்கிறது. அடியிலுள்ள போர்ட்டின் வேகம் அதற்குத் தெரியாது. பழைய கணக்கில் இரண்டுக்கும் 1 என்பதால் வேறுபாடு மறைந்திருந்தது. புதிய கணக்கில் ஒரு முனையில் 40, மறுமுனையில் 400 வரும். பேண்ட்விட்த் வரியால் இதைத் திருத்தலாம். ஆனால் அந்த எண்ணைச் சேவைத் தரக் கொள்கைகளின் விழுக்காட்டுக் கணக்கும், இணைப்பின் நிரம்பல் அளவைக் காட்டும் கண்காணிப்பும் எடுத்துக்கொள்ளக்கூடும். ரவுட்டிங் முடிவை மட்டும் மாற்ற விரும்புபவர் காஸ்ட்டையே எழுதுவது நல்லது என்பது என் கருத்து. இங்கே 40 என்று எழுத வேண்டும். ஆனால் முன்கூட்டியே எழுதக் கூடாது. பழைய அளவுகோலில் 40 என்றால், பகிர்வு-2 தன் 10 கிகாபிட் இணைப்பை விட்டுவிட்டு 1 கிகாபிட் குறுக்கு இணைப்புக்குத் தாவிவிடும். இந்த வரியை ஆதார எண் மாற்றத்தோடு ஒரே தொகுப்பாகச் செலுத்தக் குறித்துக்கொண்டேன்.

களத்தில் இறங்குமுன், ஒரே கணினிக்குள் தனித்தனி ரவுட்டர்களைப் போல இயங்கவைக்க உதவும் லினக்ஸ் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களில் எஃப்ஆர்ஆரை ஓட்டி அதே அமைப்பைச் சிறிய வடிவில் கட்டினேன். அங்குள்ள மெய்நிகர் ஈதர்நெட் இணைகள் தங்களை 10 கிகாபிட் என்று சொல்லிக்கொள்வதால், உண்மையான வேகங்களைப் பேண்ட்விட்த் வரியால் ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியிருந்தது. முதல் ஓட்டத்தில் கைமதிப்புகளை வேண்டுமென்றே மாற்றாமல் விட்டு, ஆதார எண்ணை மட்டும் உயர்த்தினேன். காகிதத்தில் வந்த 50, 460, 70 ஆகிய எண்கள் அப்படியே ரவுட்டிங் அட்டவணையிலும் வந்தன. ‘ஷோ ஐபி ரூட் ஓஎஸ்பிஎஃப்’ வெளியீட்டில் சதுர அடைப்புக்குள் 110 என்ற நிர்வாகத் தொலைவையடுத்து நிற்கும் எண்தான் மொத்தக் காஸ்ட். காகிதக் கணக்கை அதனோடு ஒப்பிடுவது மிக எளிது. இந்த ஒப்பீட்டில் ஒரு வரி பொருந்தாவிட்டாலும், வலையமைப்பைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று பொருள்.

களத்தில் முதலில் கைமதிப்புகள் மாறின. டனல் 50இலிருந்து 40,000க்கும், ரேடியோ 10இலிருந்து 4,000க்கும் போக வேண்டும். இவை பழைய அளவுகோலிலேயே மாற்றப்பட்டாலும் தீங்கில்லை. மாற்று வழி மேலும் விலையுயர்ந்த மாற்று வழியாகிறது, அவ்வளவுதான். ஆனால் டனலைத்தான் முதலில் தொட வேண்டும். ரேடியோவை முதலில் 4,000 ஆக்கிவிட்டு, டனல் 50இல் நிற்கும் அந்த இடைவெளியில் ஒளியிழை அறுந்தால், ரேடியோவைத் தாண்டி டனல் தேர்வாகும். ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் மாற்றினேன். காஸ்ட் வெளிச்செல்லும் திசைக்கு மட்டுமே உரியது என்பதால், ஒரு முனையை மட்டும் மாற்றினால் போக்கு ஒரு வழியாகவும் வரவு வேறு வழியாகவும் பிரிந்துவிடும்.

பிறகு ஆதார எண். ஒரு ரவுட்டரில் இதை மாற்றியதும், ஓர் ஏரியாவில் அதன் எல்லா இணைப்புகளும் ஒரே ரவுட்டர் எல்எஸ்ஏவில் இருப்பதால், புதிய காஸ்ட்டுகள் எல்லாம் ஒன்றாகவே வெளியே போகின்றன. அண்டை உறவு எதுவும் அறுவதில்லை. ஆனால் மாற்றப்பட்ட ரவுட்டரிலிருந்து வெளியேறும் காஸ்ட் மட்டும் நூற்றுக்கணக்கில் உயர்ந்து, மற்றவை 1இலேயே நிற்பதால், கடந்து செல்லும் போக்குவரத்து அந்த ரவுட்டரைத் தவிர்க்கத் தொடங்கும். இதைப் புரிந்துகொண்டால் வரிசை தானே அமைந்துவிடுகிறது. விளிம்பு ரவுட்டர்களை முதலில் மாற்றினால் யாருக்கும் பாதிப்பில்லை. அவற்றின் இரு மேலிணைப்புகளும் ஒரே விகிதத்தில் உயர்கின்றன, கூடவே கடந்து செல்லக் கூடாத போக்குவரத்தும் அவற்றைவிட்டு விலகுகிறது. பகிர்வு ரவுட்டர்களே நெருக்கடியான இடம். பகிர்வு-1 மாறி, பகிர்வு-2 மாறாத நிலையில், இரண்டுடனும் இணைந்த விளிம்புகளின் போக்குவரத்து இரு திசைகளிலும் பகிர்வு-2இல் குவியும். அதன் இணைப்புகள் அந்தச் சுமையைத் தாங்குமா என்பதை நெரிசல் குறைந்த நேரத்தின் வரைபடங்களில் பார்த்துவிட்டு, இரண்டு மாற்றங்களுக்கும் இடையே கூடியவரை குறைந்த இடைவெளி விட்டேன். விலேன் இன்டர்ஃபேஸின் 40ஐ பகிர்வு-2இன் தொகுப்பிலேயே சேர்த்தேன். கடைசியாக மையம்-1, அடுத்து மையம்-2.

மையம்-2 மாறும்வரை, பகிர்வு-1இலிருந்து போகும் போக்குவரத்து 10 கிகாபிட் வழியிலும், திரும்பி வருவது பழைய குறுக்கு இணைப்பிலும் இருந்தது. இங்கே இடையில் வெறும் ரவுட்டர்களே இருந்ததால் இது பொருட்படுத்தத்தக்கதல்ல. இணைப்பு நிலையை நினைவில் வைக்கும் ஃபயர்வால் ஏதேனும் அந்தப் பாதைகளில் ஒன்றில் இருந்திருந்தால், பாதி உரையாடலை மட்டும் பார்த்து அது பாக்கெட்டுகளைத் தள்ளிவிட்டிருக்கும். அத்தகைய அமைப்பில் இந்த வரிசையை மறுபடி யோசிக்க வேண்டும்.

சரிபார்ப்புக்கு ஒவ்வொரு பெட்டியிலும் நுழையத் தேவையில்லை. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரவுட்டர்’ என்ற கட்டளை, ஏரியாவிலுள்ள எல்லா ரவுட்டர்களும் அறிவித்த எல்லா இணைப்புகளையும் காஸ்ட்டுகளையும் ஒரே இடத்தில் தருகிறது. அந்த வெளியீட்டிலிருந்து ஒவ்வோர் இணைப்பின் இரு முனைகளையும் ஜோடி சேர்த்து, எண் பொருந்தாதவற்றை மட்டும் அச்சிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். மாற்றத்தின் நடுவில் அது பக்கம் பக்கமாகக் கொட்டியது. மையம்-2 முடிந்ததும் வெற்று வெளியீடு தந்தது. அதன்பின் தொலைக் கட்டடத்தில் ஒளியிழையை நிறுத்தி ரேடியோ எடுத்துக்கொள்வதையும், ரேடியோவையும் நிறுத்தி டனல் எடுத்துக்கொள்வதையும், இரண்டையும் திறந்ததும் ஒளியிழை திரும்புவதையும் பார்த்தேன். குறுக்கு இணைப்பின் வரைபடம் தரையோடு ஒட்டியது. 10 கிகாபிட் இணைப்புகள் வேலை செய்யத் தொடங்கின. பகிர்வுகளுக்கு இடையே போகும் எந்த ஓட்டமும் விளிம்பு ரவுட்டரைத் தொடவில்லை, ஏனெனில் அந்த வழி இப்போது 800. மையத்தின் வழி 100.

கூட்டிணைப்பைப் பற்றி ஒரு குறிப்பு. அதன் இரு இழைகளில் ஒன்று அறுந்தால் வேகம் 10 கிகாபிட்டாகக் குறைந்து, காஸ்ட் 20இலிருந்து 40ஆகும். இது வேண்டுமா வேண்டாமா என்பது அமைப்பைப் பொறுத்தது. இங்கே 40 ஆனாலும் மையத்தின் வழி 120இல் நிற்கிறது, அடுத்த வழியான 440ஐ நெருங்குவதே இல்லை. ஆகவே தானியங்கிக் கணக்கை அப்படியே விட்டுவிட்டேன். ஓர் இழை அடிக்கடி விழுந்து எழுந்தால் ஒவ்வொரு முறையும் எல்எஸ்ஏ பரவி எல்லா ரவுட்டர்களும் எஸ்பிஎஃப் ஓட்டும். அத்தகைய இழை உள்ள இடத்தில் காஸ்ட்டை எழுதிப் பூட்டிவிடுவதே மேல்.

மீதமிருப்பது, அடுத்து வரவிருக்கும் விளிம்பு ரவுட்டர். அது இரு பகிர்வுகளுடனும் 10 கிகாபிட்டில் இணையப் போகிறது. ஆதார எண்ணைச் சரியாகவே எழுதினாலும், பகிர்வு-1இலிருந்து அதன் வழியாகப் பகிர்வு-2க்கு 40 கூட்டல் 40, மொத்தம் 80; மையத்தின் வழியோ 100. பகிர்வுகளுக்கு இடையிலான போக்குவரத்து மறுபடி ஒரு விளிம்புப் பெட்டியில் ஏறும், இம்முறை சமமாகப் பிரிந்துகூட அல்ல, முழுவதுமாக. ஆய்வக அமைப்பில் அந்த ரவுட்டரைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படியேதான் நடந்தது. அதன் இரு மேலிணைப்புகளின் வெளிச்செல்லும் காஸ்ட்டையும் 400 என்று எழுதியதும் அந்த வழி 440க்கு உயர்ந்தது. பகிர்வுகளிலிருந்து அதன் சொந்த வலைகளுக்கு வரும் வழி 40ஆகவே நின்றது. அந்த இரண்டு வரிகளும், இன்டர்ஃபேஸ் விளக்க வரியில் ‘காஸ்ட் 400, ஆதார எண் 4,00,000இன்படி’ என்ற குறிப்போடு, புதிய ரவுட்டருக்கான கான்ஃபிக் கோப்பில் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டன.